பொறி வரையும் பாடப் படங்கள்: சாட்சி எங்கே?

ஒரு தட்டில் சிறிது நீர். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கிறோம். சற்று நேரத்தில் சுடர் மங்கி அணைந்துபோகிறது; தட்டில் இருந்த நீர் தம்ளருக்குள் ஏறி நிற்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே செய்தும் இருக்கலாம்.

இந்தச் சோதனையை விளக்கும் எழுபது விநாடி வீடியோ ஒன்று அண்மையில் கைப்பேசிக்குக் கைப்பேசி வலம் வந்தது. நல்ல தமிழில் அமைந்த படம். ஆனால் அதைத் தயாரிக்க யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, தட்டில் நீர் ஊற்றவில்லை, காமிராவையும் தொடவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று உரையை எழுதியது. மற்றொன்று குரல் கொடுத்தது. மூன்றாவது படத்தை உருவாக்கியது. இம்மாதிரிப் பாடப் படங்கள் இன்று நூற்றுக்கணக்கில் பெருகி வருகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் இவற்றைத் தயாரிக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு படத்தைச் சற்று விரிவாக ஆராய்வது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

படம் கண்ணுக்கு மிக அழகாக இருக்கிறது. தம்ளரின் விளிம்பில் ஒளி பட்டுச் சிதறுவதுகூடத் துல்லியமாகத் தெரிகிறது. குரல் சொல்லும் செய்தி இதுதான்: சுடர் எரிய ஆக்சிஜன் தேவை, காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், சுடர் அதை முழுவதும் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறது, காலியான இடத்தை நிரப்ப நீர் மேலே ஏறுகிறது. படமும் குரலுக்கு இசைவாகவே நடக்கிறது. சுடர் எரிய எரிய நீர் சீராக ஏறுகிறது. தம்ளரின் உயரத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கை எட்டியதும் நின்றுவிடுகிறது. அதே கணத்தில் சுடரும் அணைகிறது.

விளக்கம் தவறானது. ஆனால் அது பழைய தவறு. எத்தனையோ புத்தகங்களில் அச்சேறிய தவறு. அதற்காக ஒரு கருவியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இங்கே புதியது வேறொன்று. இந்தப் படத்தில் காட்சியும் தவறு.

நீர் எப்போது ஏறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் சோதனையை ஒருமுறை உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும். (பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு விளையாட்டுப் பொருள் அல்ல.) தம்ளரைக் கவிழ்த்தபின் கண்ணைச் சுடரிலிருந்து எடுத்து நீரின்மேல் வையுங்கள். சுடர் எரியும் வரையில் நீர் மட்டம் அதிகமாக நகருவதில்லை. சில சமயம் தம்ளரின் விளிம்பிலிருந்து குமிழிகள்கூட வெளியேறும். அதாவது காற்று உள்ளிருந்து வெளியே போகிறது. சுடர் மங்கி அணையும்போதும், அணைந்த பிறகும்தான் நீர் விரைவாக மேலேறுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஆக்சிஜன் செலவழிவதால்தான் நீர் ஏறுகிறது என்றால், அது எரியும் நேரம் முழுவதும் சீராக ஏற வேண்டும். சுடர் அணைந்ததும் நின்றுவிட வேண்டும். நடப்பதோ ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

கணக்கும் இதையே சொல்கிறது. மூடிய பாத்திரத்தில் மெழுகுவர்த்திச் சுடர் ஆக்சிஜனை முழுவதும் தீர்ப்பதில்லை. 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதமாகக் குறையும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான 5 பங்குக்கும் ஈடு உண்டு. மெழுகின் ஒரு மூலக்கூறில் 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் இருப்பதாக எடுத்துக்கொண்டால், 38 பங்கு ஆக்சிஜன் செலவாகும்போது 25 பங்கு கரியமில வாயு உண்டாகும். உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும் என்றே கொள்வோம். அப்படியும் 5 பங்கு ஆக்சிஜனுக்கு மாற்றாக 3 பங்குக்கு மேல் கரியமில வாயு வந்துவிடுகிறது. ஆகவே நிகர இழப்பு நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. இரண்டு சதவீத இழப்பு நீரை ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏற்ற முடியாது அல்லவா?

உண்மைக் காரணம் வெப்பம். தம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள சூடான, விரிவடைந்த காற்று உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே அகப்பட்ட காற்றின் சராசரி வெப்பநிலை 127 பாகை செல்சியஸ் என்றும், அறையின் வெப்பநிலை 27 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். கெல்வின் அளவில் இவை 400, 300. எனவே குளிர்ந்தபின் காற்றின் கன அளவு காற்பங்கு குறையும். நீர் காற்பங்கு உயரத்துக்கு ஏறும். வெப்பநிலை இன்னும் சற்றுக் குறைவாக இருந்தால் அது ஐந்தில் ஒரு பங்காக அமைந்துவிடவும் கூடும். தலைமுறை தலைமுறையாக நம்மை ஏமாற்றி வந்தது இந்தத் தற்செயல் பொருத்தம்தான்.

இன்னும் ஐயமா? அதே தம்ளர், அதே அளவு நீர். இம்முறை ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றுங்கள். உள்ளிருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். ஆனால் நீர் முன்னைவிட அதிகமாக ஏறும்.

இந்தச் சோதனையின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துக் கிரேக்க அறிஞர் பைசாண்டியத்து ஃபிலோ இதை விவரித்திருக்கிறார். அவர் தந்த விளக்கமும் சரியல்ல. 1999-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிர்க், லாசன் என்ற இருவர், இந்தத் தவறான விளக்கம் விடாப்பிடியாக நிலைத்து நிற்பதைப் பற்றி ஒரு வேதியியல் கல்வி இதழில் கட்டுரையே எழுதினார்கள். அவ்வளவு உறுதியாக வேரூன்றிய தவறு இது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நம்முடைய எழுத்துகளையும் படங்களையும் கொண்டு பயிற்சி பெற்றவை. நூறு புத்தகங்களில் இருக்கும் தவறு அவற்றின் வாயிலிருந்தும் வருவதில் வியப்பில்லை. குறுக்குக் கேள்வி கேட்டால் அதே கருவி சரியான விளக்கத்தைத் தருவதும் உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் குறுக்குக் கேள்வி கேட்பவர் சோதனையைப் பற்றி முன்பே ஐயம் கொண்டிருக்க வேண்டும்.

காமிரா காட்டிக்கொடுக்கும்

இப்போது பழைய முறையில் எடுத்த ஒரு படத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆசிரியர் சோதனையைச் செய்கிறார். மற்றொருவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். ஆசிரியர் தவறான விளக்கத்தையே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் படத்தில் நீர் அவர் சொன்னபடி நடக்காது. அது சுடர் அணைந்த பிறகுதான் ஏறும். கூர்ந்து பார்க்கும் மாணவி ஒருத்தி கை தூக்கிக் கேட்பாள்: "சார், நெருப்பு அணைஞ்சப்புறம்தானே தண்ணி ஏறுது?" ஆசிரியரிடம் பதில் இருக்காது. அங்கேதான் அறிவியல் பாடம் தொடங்குகிறது.

காமிரா பேசுபவரின் பக்கம் சாயாத சாட்சி. பொறி உருவாக்கிய படத்தில் அந்தச் சாட்சி இல்லை. சொல்லை வைத்து உண்டாக்கப்பட்ட காட்சி சொல்லுக்கு எதிராகச் சாட்சி சொல்லாது. உரையில் தவறு இருந்தால் படம் அதை மெருகேற்றிக் காட்டும். அந்த மாணவி எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. என்னுடைய குறை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. மற்றவை சில்லறைக் குறைகள்.

இது ஒரு கருவியின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். செயல்படும் முறையிலேயே இருக்கும் தன்மை. சொல்லைப் படமாக்கும் கருவி எவ்வாறு இயங்குகிறது? மணலைத் தூவினாற்போல ஒழுங்கற்ற புள்ளிகளிலிருந்து தொடங்குகிறது. நாம் தந்த சொற்களுக்குப் பொருந்தும்படி அந்தப் புள்ளிகளைப் படிப்படியாகச் சீர்ப்படுத்துகிறது. இம்மாதிரிச் சொற்களுக்கு எம்மாதிரிக் காட்சி வழக்கமாக அமையும் என்பதை ஏராளமான வீடியோக்களைக் கொண்டு பெற்ற பயிற்சியால் அது அறியும். அதனுள் தட்டு இல்லை, நீர் இல்லை, அழுத்தமும் இல்லை. காட்சிக்குக் காட்சி பொருத்தம் மட்டுமே உண்டு.

தயாரிப்பாளர்களே இதை மறைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஓப்பன் ஏஐ நிறுவனம் சோரா என்ற கருவியை அறிமுகப்படுத்தியபோது அதன் குறைகளையும் தானே எழுதியது. அதில் ஓர் உதாரணம்: ஒருவர் பிஸ்கட்டைக் கடிப்பார், ஆனால் பிஸ்கட்டில் கடித்த தடம் இல்லாமல் போகலாம். கதைப் படத்தில் இது வேடிக்கை. வேதிவினை காட்டும் படத்தில் அப்படியல்ல.

கருவிகள் அதன்பின் விரைவாக முன்னேறியுள்ளன என்பது உண்மை. ஆனால் எதில் முன்னேறியுள்ளன என்று கேட்க வேண்டும். 2025-இல் கூகுள் டீப்மைண்டைச் சேர்ந்தவர்களும் பிற ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். திடப்பொருள்கள், திரவங்கள், ஒளி, வெப்பம், காந்தம் ஆகியவை பற்றிய உண்மையான நிகழ்ச்சிகளைப் படம் பிடித்தார்கள். தொடக்கத்தை மட்டும் கருவிகளுக்குக் காட்டி, மேலே என்ன நடக்கும் என்று தொடரச் சொன்னார்கள். முடிவு கவனிக்கத்தக்கது. படம் எவ்வளவு உண்மை போலத் தோன்றுகிறது என்பதற்கும், இயற்பியல் எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அழகை வைத்து உண்மையை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

2024-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் எளிமையானது. பந்துகள் நேர்கோட்டில் ஓடுவது, மோதிக்கொள்வது, எறிந்த பந்து வளைந்து விழுவது ஆகியவற்றை மட்டும் காட்டிக் கருவிகளுக்குப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியில் காணாத வேகத்தைக் கொடுத்தபோது கருவி விதியைப் பயன்படுத்தவில்லை. தான் பார்த்தவற்றுள் நெருக்கமான ஒன்றைப் பின்பற்றியது. நெருக்கம் பார்க்கும்போதும் அது முதலில் நிறத்தைத்தான் கவனித்தது, பிறகு பருமனை, வேகம் அதற்கும் பின்னால். நியூட்டன் விதியில் நிறத்துக்கு வேலையே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நிபுணர்களின் கண்ணும் தப்புவது உண்டு. 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழில், பொறி வரைந்த எலியின் உடற்கூற்றுப் படம் ஒன்று வெளியாயிற்று. உறுப்புகள் இயற்கைக்கு மாறான அளவில் இருந்தன. அவற்றைச் சுட்டும் பெயர்களோ எந்த அகராதியிலும் இல்லாத எழுத்துக் கோவைகள். மதிப்பாய்வைக் கடந்து அச்சான அந்தக் கட்டுரை, உலகமே சிரித்த பிறகு, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. எலிக்கு அவ்வளவு பேர் சிரித்தார்கள். ஏழாம் வகுப்புப் பாடப் படத்தில் அப்படி ஒரு தவறு இருந்தால் சிரிக்க யார் இருப்பார்கள்?

"பாடப் புத்தகத்துப் படங்களும் கையால் வரைந்தவைதாமே? அவற்றுக்கும் சாட்சி இல்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கோட்டுப்படம் தன்னைக் கோட்டுப்படம் என்று சொல்லிக்கொள்கிறது. அதிலுள்ள அம்புக்குறியைப் பார்த்து, இயற்கையில் அம்புக்குறி இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை. பொறி தரும் படமோ நிழற்படத்தின் வேடம் பூண்டு வருகிறது. அது ஒரு கருத்தின் வரைபடம். ஆனால் நடந்த நிகழ்ச்சியாக நம்முன் நிற்கிறது.

தெளிவு என்னும் மயக்கம்

இனி, இந்தப் படங்களின் குரலையும் நடையையும் பார்ப்போம். தடுமாற்றமே இல்லாத பேச்சு, இருமல் இல்லை, "அதாவது... வந்து..." என்ற இழுவை இல்லை. இதைத்தான் பலர் முதல் சிறப்பாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷானா கார்பென்டரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே நினைவூட்ட வேண்டும். மூவண்ணப் பூனைகள் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன என்பதை விளக்கும் ஒரு குறுகிய வீடியோ. ஒரே செய்தி, ஒரே ஆசிரியை. ஆனால் இரண்டு விதமாக எடுத்தார்கள். ஒன்றில் நிமிர்ந்து நின்று, பார்வையாளரின் கண்ணைப் பார்த்து, தங்குதடையின்றிப் பேசினார். மற்றதில் குனிந்தபடி, குறிப்பைப் பார்த்துத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். முதல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவில் நிற்கும் என்று நம்பினார்கள். தேர்வு வைத்தபோது இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சரளமான பேச்சு, கற்றுவிட்டோம் என்ற எண்ணத்தைத்தான் கூட்டியது. கற்றதைக் கூட்டவில்லை. செயற்கைக் குரல் அந்த நிமிர்ந்து நின்ற ஆசிரியையின் எல்லையற்ற பதிப்பு எனலாம்.

டெரக் முல்லர் என்பவரின் பெயரை உங்களில் சிலர் அறிவீர்கள். "வெரிட்டாசியம்" என்ற அறிவியல் வீடியோ வரிசையை நடத்துபவர். அவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதே விஷயத்தைப் பற்றியது. நியூட்டன் விதிகளைத் தெளிவாக, நேராக விளக்கும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார். "மிகத் தெளிவு, எளிது" என்று பாராட்டினார்கள். தேர்வில் அநேகமாக முன்னேற்றமே இல்லை. மாணவர்களிடம் வழக்கமாக உள்ள தவறான கருத்துகளை ஒருவர் சொல்ல, மற்றவர் அதை மறுத்து விவாதிக்கும் படத்தையும் வேறொரு குழுவுக்குக் காட்டினார். "குழப்பமாக இருந்தது" என்றார்கள். ஆனால் மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தெளிவான படத்தைப் பார்ப்பவர், தம் மனத்தில் ஏற்கெனவே உள்ள கருத்தையே அதுவும் சொல்வதாக நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

நம் மெழுகுவர்த்திப் படத்தில் "ஒருவர் ஏன் தவறாக நினைப்பார்?" என்ற கேள்விக்கு ஒரு விநாடிகூட இடமில்லை. கருவியிடம் "எளிதாக, எழுபது விநாடியில் விளக்கு" என்று கேட்டிருப்பார்கள். அது கேட்டதைக் கொடுத்திருக்கிறது.

குறுகிய படமே சிறந்த படம் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எட்எக்ஸ் இணையவழிப் பாடங்களில் 69 இலட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அது அலசியது; ஆறு நிமிடங்களுக்கு மேல் மாணவர்கள் நிலைப்பதில்லை என்று கண்டது. அது முக்கியமாக அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. ஆறு நிமிடம் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, இன்று எழுபது விநாடிக்கு வந்திருக்கிறோம். மெழுகுவர்த்தி அணைந்து, காற்று குளிர்ந்து, நீர் ஏறி முடிவதைக் காணவே அதில் பெரும் பகுதி போய்விடுமே! காத்திருக்கும் அந்த நேரந்தான் சோதனை. அதை வெட்டிவிட்டார்கள்.

நமது மொழியில் நேரும் தனிச் சிக்கல்

தமிழில் வரும் படங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. "நிறை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது பொருளின் அளவைக் குறிக்கும். புவி அதை ஈர்க்கும் விசை "எடை". இலங்கைப் பாடநூலில் முன்னதற்குத் "திணிவு" என்று பெயர். அங்கே "நிறை" என்றால் நாம் எடை என்று சொல்வது! அதுபோலவே தமிழ்நாட்டில் "ஆற்றல்" எனப்படுவது இலங்கையில் "சக்தி". நம் "திசைவேகம்" அங்கே "வேகம்"; நம் "வேகம்" அங்கே "கதி". இரண்டு மரபுகளும் செம்மையானவை. தத்தம் இடத்தில் குழப்பமற்றவை. ஆனால் இரண்டு நாட்டு எழுத்துகளையும் படித்த கருவிக்கு வேலி தெரியாது. ஒரே படத்தில் முதல் வாக்கியம் தமிழ்நாட்டு நிறையையும், மூன்றாம் வாக்கியம் இலங்கை நிறையையும் பேசினால் மாணவர் கதி என்ன ஆவது? (எந்தக் கதி என்று கேட்காதீர்கள்.) போதாக்குறைக்கு, விசை, ஆற்றல், திறன் மூன்றையும் அன்றாடப் பேச்சில் நாம் "சக்தி" என்றே சொல்லிவிடுகிறோம். எழுபது விநாடிப் படத்தில் "காற்றின் சக்தி" என்று வருகிறது. காற்றின் அழுத்தம் என்று சொல்லியிருந்தால், உண்மை விளக்கத்தில் பாதி அங்கேயே கிடைத்திருக்கும்.

படத்துக்குள் தமிழ் எழுத்துகளை வரையச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதையும் கண்டிருப்பீர்கள். அதைத் திருத்துவது எளிது. எழுத்தைத் தனியே மேலே ஒட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்னதால், இந்தக் கருவிகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு இந்தியாவில் நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை எண்ணிப் பாருங்கள். ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்குப் பாடப் படம் போய்ச்சேர அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்க வேண்டியிருந்தது, கலையகங்கள் வேண்டியிருந்தன, பெருங்குழுக்கள் வேண்டியிருந்தன. இன்று ஓர் ஆசிரியை தம் கைப்பேசியில் மாலை நேரத்தில் ஒரு பாடப் படத்தை முடித்துவிடலாம். இந்த வசதியின் அருமை, நகரத்துக்குத் தொலைவில் உள்ள பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். உரையின் முதல் வரைவைக் கருவி எழுதட்டும், காது கேளாதவர்களுக்காக வசன எழுத்து அடிக்கட்டும், நீளத்தைக் குறைக்கட்டும். "இந்தச் சோதனையைப் பற்றி மாணவர்கள் வழக்கமாக என்னென்ன தவறாக நினைப்பார்கள்?" என்று அதனிடமே கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அது பயனுள்ள பதில்கள் தருவதுண்டு. முல்லரின் வழியும் அதுவே. ஆனால் உலகில் நடப்பதைக் காட்டும் இடத்தில் காமிராவை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளையோ கோள்களின் பாதையையோ காட்ட வேண்டுமானால், படத்தை நேரடியாகக் கேட்காமல், சமன்பாட்டிலிருந்து படம் வரையும் நிரலை எழுதித் தரச் சொல்லலாம். கணித வீடியோக்களுக்குப் புகழ்பெற்ற கிராண்ட் சாண்டர்சன் தமக்காக உருவாக்கிய "மானிம்" இத்தகைய நிரல் தொகுப்பு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் எறிந்த பந்தின் பாதை தவறாக இருந்தால், எந்த வரியில் தவறு என்று விரல் வைத்துக் காட்ட முடியும். புள்ளிகளிலிருந்து முளைத்த படத்தில் விரல் வைக்க வரி ஏது?

சரி, தவறு கண்டுபிடித்தபின் என்ன செய்வது? இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கான் அகாடமியின் வீடியோக்கள் உலகெங்கும் பரவியிருந்த 2012-இல், அமெரிக்காவின் கிராண்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர், குறை எண்களின் பெருக்கல் பற்றிய ஒரு கான் வீடியோவைப் பார்த்தபடியே கேலியும் விமரிசனமும் செய்து, அதையும் ஒரு வீடியோவாக வெளியிட்டார்கள். பரபரப்பு உண்டாயிற்று. அந்தப் பாடம் நீக்கப்பட்டு, புதிய படங்கள் இடப்பட்டன. சல்மான் கான் (நடிகர் அல்ல, கணக்குச் சொல்லித் தந்தவர்) தம் சொந்தக் குரலில், தம் கையால் எழுதிக்காட்டிய பாடம் அது. குறை சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தார், அவர் கேட்டுக்கொண்டார்.

நான் பார்த்த எழுபது விநாடிப் படத்தைக் கடைசி வரை ஓடவிட்டுத் தேடினேன். பின்னணி இசை யாருடையது என்று எழுதியிருக்கிறது. உரையைச் சரிபார்த்தவர் யார், எந்த வகுப்புக்கு, எந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்கு என்று எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே, எட்டாம் வகுப்பு மாணவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர், "எங்க வீட்ல செஞ்சு பாத்தோம், தண்ணி கடைசியிலதான் ஏறுச்சு, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்த நாள் வரை யாரும் பதில் எழுதவில்லை.